பார்த்ததும் தெரிந்துவிடுகிறதே, அது எப்படி?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை நேராக்கி இன்ன பொருள் என்று அடையாளம் காண்பது யார்? திருநெல்வேலியிலிருந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது, காவல்கிணறு தாண்டியதும் முப்பந்தல் பக்கம் ஒன்றிரண்டு காற்றாலைகள் திடீரென்று எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தெரிவது ஏன்? பக்கவாதம் வந்த மாமாவுக்குப் பார்வை சரியாக இருக்கிறது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மேஜையில் கிடக்கும் சாவியைப் பார்த்து இன்னதென்று அவரால் சொல்ல முடியவில்லை, கையில் கொடுத்தால் உடனே சொல்லிவிடுகிறார், அது எப்படி? மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை அரை கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது 40 மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் விழித்திரையில் அது விழும் உயரம் சுமார் 1.4 மில்லிமீட்டர். அந்த 1.4 மில்லிமீட்டரும் முழுக்கக் கூர்மையாகத் தெரிவதில்லை. விழித்திரையின் நடுவில், ஒளியை உணரும் கூம்புச் செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சின்னக் குழி ஒன்று உண்டு. கூர்மையான பார்வை அங்கேதான். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது மறைக்கும் அகலம்தான் அதன் எல்லை, ஏறத்தாழ 2 பாகை. அந்தத் தூரத்தில் அது 17 மீட்டர் வரும். வள்ளுவர் முகத்தைப் பார்க்கிற கணத்தில் பாதமும் பீடமும் மங்கல்தான். நடுவிலிருந்து 10 பாகை விலகினால் கூர்மை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆனால் மங்கலாகத் தெரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. காரணம், கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் நேரத்தில் வரும் குழப்பமான காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி மிளகளவு ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் வரும்போது புள்ளி காணாமல் போகும். போகவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் கண் திருட்டுத்தனமாகப் புள்ளியை எட்டிப் பார்த்திருக்கும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. புள்ளியின் படம் அங்கே விழுந்ததால்தான் அது மறைந்தது. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்தது: புள்ளி இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது. தாளின் கோடுகள் அந்த இடத்தைத் தாண்டி ஓடுவதாகவே தெரியும். தகவல் இல்லாத இடத்தில் மனம் ‘இங்கே எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதில்லை, சுற்றுப்புறத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவையே காட்சியாகக் கொடுத்துவிடுகிறது. இனி சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான். மனம் தன் முடிவைக் காட்டும், சந்தேகத்தைக் காட்டாது.

தலைகீழ்ப் படம் பற்றிய குழப்பமும் இங்கேயே தீர்ந்துவிடும். உள்ளே ஒரு திரை இருக்கிறது, அதை ஒருவர் பார்க்கிறார் என்று நினைத்தால்தான் ‘யார் நேராக்குவது’ என்ற கேள்வி வரும். அப்படிப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு கண்ணிலும் 12 கோடிக்குக் குறையாத குச்சிச் செல்கள், சுமார் 60 லட்சம் கூம்புச் செல்கள். அவை சேகரித்ததைச் சுருக்கிக் கொண்டுபோவது சுமார் 10 லட்சம் நரம்பிழைகள். அவற்றில் போவது படம் இல்லை, மின் துடிப்பு. விழித்திரையின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் துடிப்பு உலகத்தின் மேல்பக்கத்தைக் குறிக்கும் என்ற ஒழுங்கு மாறாமல் இருந்தால் போதும். 1890களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் காட்சியைத் தலைகீழாக்கும் கண்ணாடியை நாள்கணக்கில் அணிந்து பார்த்தார். முதலில் கை எட்டிய இடமெல்லாம் தவறியது. சில நாளில் கையும் காலும் புதிய ஒழுங்குக்குப் பழகிவிட்டன. மேல் கீழ் என்பது கை கால்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ளும் உறவு.

துடிப்புகள் போய்ச் சேரும் முதல் பெரிய நிலையம் பின்மண்டையில் இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் என்ன கேட்கின்றன என்பதை 1950களின் கடைசியில் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். புள்ளிகளைக் காட்டிக் காட்டி அலுத்திருந்தார்கள். கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது அதன் ஓரத்தின் நிழல்கோடு திரையில் நகர்ந்ததும் செல் படபடவென்று துடித்தது. குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்குத்தான் அந்தச் செல் பதில் சொல்லும். 1981இல் நோபல் பரிசு வந்தது. ஆக முதல் வேலை ஓரங்களைப் பொறுக்குவது. பிறகு வளைவு, மூலை, நிறம், அசைவு. அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. காதுக்கு உள்பக்கமாகக் கீழே போகும் பாதை ‘இது என்ன’ என்று பார்க்கிறது. உச்சந்தலைப் பக்கம் ஏறும் பாதை ‘எங்கே இருக்கிறது, எப்படிப் பிடிப்பது’ என்று பார்க்கிறது. இது எவ்வளவு வேகம் என்றால், 20 மில்லிநொடி மட்டும் ஒரு போட்டோவைக் காட்டி அதில் விலங்கு உண்டா என்று கேட்டபோது, படம் தோன்றி 150 மில்லிநொடிக்குள் மூளை அலைகளில் விடையின் வித்தியாசம் தெரிந்துவிட்டது. இது 1996இல் பிரான்சில் சைமன் தோர்ப் குழு செய்த சோதனை.

இவ்வளவு வேகம் ஒரு விலை கொடுத்துத்தான் வருகிறது. ஒரே காட்சி பல பொருள்களிலிருந்து வந்திருக்கலாம். எல்லாவற்றையும் சரிபார்க்க நேரமில்லை. வழக்கமாக உலகம் எப்படி இருக்குமோ அதை வைத்து மனம் பந்தயம் கட்டுகிறது. பெரும்பாலும் ஜெயிக்கும். தோற்கும் இடங்களில்தான் அது எதை நம்பி கட்டியது என்று நமக்குத் தெரிய வருகிறது.

காற்றாலைக்கு வருவோம். சாயங்காலம் காவல்கிணறு பக்கமிருந்து மேற்கே பார்த்தால் சூரியன் காற்றாலைகளுக்குப் பின்னால் இருக்கும். இறக்கை, தூண், பின்னால் இருக்கும் பெட்டி எல்லாம் ஒரே கறுப்பு நிழலுரு. நேர் எதிரே நிற்கும் காற்றாலையில் பிரச்சினை வராது. பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதைப் பாருங்கள். இறக்கை நுனி ஒடுங்கிய முட்டை வடிவத்தில் சுற்றும். இறங்குகிற இறக்கை நமக்கு இந்தப் பக்கமாக இறங்குகிறதா, தூணுக்கு அந்தப் பக்கமாக இறங்குகிறதா? இரண்டுக்கும் கண்ணில் விழும் காட்சி ஒன்றேதான். பகல் வெளிச்சத்தில் இறக்கை தூணை மறைத்துக்கொண்டு போவது தெரியும், அதை வைத்து எது முன்னால் என்று முடிவாகிவிடும். கறுப்பின் மேல் கறுப்பு போனால் எது எதை மறைக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு கண்ணுக்கும் விழும் படங்களில் உதவுகிற அளவுக்கு வித்தியாசம் இருக்காது. ஆக, துப்பு எல்லாம் போய்விட்டது. மனம் ஒரு விடையை எடுக்கிறது, சற்று நேரத்தில் மற்றதற்கு மாறுகிறது. மாறும்போது முன்பக்கம் பின்பக்கமாகிவிடுவதால் சுற்றும் திசையும் மாறியதாகத் தெரிகிறது. காற்றாலை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் சின்ஸ்டெடன் என்பவர் 1860இலேயே பழைய காற்றாலை ஒன்றில் இதைக் கவனித்து எழுதிவிட்டார்.

பஸ் ஓடிக்கொண்டிருந்தால் பார்க்கும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும், மாற்றம் அவ்வளவாகத் தங்காது. இறங்கி ஓரிடத்தில் நின்று, தூரத்தில் சாய்வாக நிற்கும் ஒரே காற்றாலையின் நடு அச்சை அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விடாமல் பாருங்கள், தானாக மாறும். எவ்வளவு முயன்றாலும் இரண்டு திசையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற நிலையையும் பார்க்க முடியாது. நாகர்கோவில் பக்கமிருந்து பார்ப்பவர்கள் காலையில் முயலலாம், அப்போது சூரியன் அந்தப் பக்கம்.

மனம் நம்பும் இன்னொரு விஷயம், வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்பது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பேர்பெற்றது. மேல்பக்கம் வெளுத்து கீழ்ப்பக்கம் கறுத்த வட்டம் புடைப்பாகத் தெரியும். அதே படத்தைத் திருப்பினால் குழி. சிதறால் மலைக்குப் போனால், பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்ப வரிசையை போனில் எடுத்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். விளிம்புப் பட்டைகளும் அலங்காரங்களும் குழிவாக மாறிவிடும். உருவங்கள், முக்கியமாக முகங்கள், மாற மறுக்கும். குழிந்த முகம் உலகத்தில் கிடையாது என்ற பந்தயம் வெளிச்சத்தைப் பற்றிய பந்தயத்தை விட வலுவானது. கல்வெட்டைப் படம் எடுப்பவர்கள் இதற்காகவே விளக்கை மேல் ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடிப்பார்கள். கீழேயிருந்து அடித்தால் வெட்டிய எழுத்து ஒட்டிவைத்த எழுத்தாகத் தெரியும், படிக்கிறவருக்குத் தலை சுற்றும்.

சித்திரா பௌர்ணமியன்று குமரிமுனையில் கடல்மேல் எழும் நிலா பெரிதாகத் தெரிவதும் இந்த வகைதான். அடிவானத்திலும் உச்சியிலும் அது அரை பாகைதான். தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே பாருங்கள், சுருங்கிவிடும். ஏன் என்பதில் இன்றைக்கும் ஒரே கருத்து இல்லை, அதனால் தாண்டிப் போகிறேன்.

இந்தப் பந்தயங்கள் பிறவியிலேயே வருகின்றனவா, பழகி வருகின்றனவா? 1688இல் வில்லியம் மாலினோ என்ற அயர்லாந்துக்காரர் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார்: பிறவியிலேயே பார்வையில்லாதவர் தடவிப் பார்த்து உருண்டையையும் கனசதுரத்தையும் அறிவார், திடீரென்று பார்வை வந்தால் தொடாமலே எது எது என்று சொல்வாரா? இதற்குப் பதில் இந்தியாவிலிருந்து வந்தது. மூளை ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே பார்வை இழந்து 8 முதல் 17 வயதுக்குள் அறுவை சிகிச்சை பெற்ற பிள்ளைகள் ஐந்து பேரைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். அறுவை முடிந்த உடனே கையால் தொட்ட வடிவத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது குருட்டாம்போக்கை விடக் கொஞ்சம்தான் மேல். சில நாட்களிலேயே வெகுவாக முன்னேறினார்கள். இதே திட்டத்தில் தெரிந்த இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. புதிதாகப் பார்வை வந்தவர்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பொருள்கள் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்றே தெரியாது. நிழலும் நிற மாற்றமும் தனித்தனிப் பொருளாகத் தெரியும். பொருளை அசைத்தால் மட்டும் உடனே பிரித்துவிடுவார்கள். சேர்ந்து நகர்வது ஒரே பொருள் என்பதுதான் முதல் பாடம்.

பெரியவர்களானாலும் பழக்கம் நிற்பதில்லை. குளச்சலிலோ முட்டத்திலோ மீன் ஏலக்களத்தில் நில்லுங்கள். வெளியூர்க்காரர் பார்ப்பது ‘மீன்’. அங்கே பழகியவர் பார்ப்பது சாளை, அயிலை, சூரை, நெய்மீன். முதலில் மீன் என்று பார்த்து, பிறகு யோசித்து வகைக்கு வருவதில்லை. எடுத்த எடுப்பிலேயே வகைதான் தெரியும். நெய்மீனிலேயே உடம்பில் குறுக்குப் பட்டைகள் ஓடுவது ஒன்று, வரிசையாகப் புள்ளி வைத்தது இன்னொன்று. பட்டைக்காரனின் பக்கக்கோடு இரண்டாம் முதுகுத் துடுப்புக்குக் கீழே சட்டென்று இறங்கும், புள்ளிக்காரனுக்கு மெதுவாக வளையும். துண்டு போட்ட பிறகும் இதை வைத்துச் சொல்லலாம். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு, ஒரு வகையை மணிக்கணக்காகப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. ஒத்துப்போகும் இரண்டை அருகருகே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் வித்தியாசம் என்று கண் பிடிபடும். எழுத்தும் அப்படித்தான். களியக்காவிளைப் பக்கம் மலையாள போர்டு படிக்கத் தெரியாதவருக்கு வெறும் வளைவுகள், தெரிந்தவரால் அதைப் படிக்காமல் இருக்கவே முடியாது.

சந்தேகத்தைக் காட்டாத இந்தக் குணம் ரோட்டில்தான் ஆபத்து. வைகிட்டு இருட்டத் தொடங்கும்போது கூம்புச் செல்கள் ஓய்ந்து குச்சிச் செல்கள் பொறுப்பேற்கின்றன. முழுதாகப் பழக 30 நிமிஷமாவது பிடிக்கும், எதிரே வரும் லைட் ஒன்று அதைக் கெடுத்துவிடும். குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய கறுப்பு, அதனால் சிவப்புச் சட்டை இருட்டில் பயன்படாது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு ரோடு காலியாகத்தான் தெரியும், ‘பாதி தெரியவில்லை’ என்று தெரியாது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். சுவீடனின் குன்னர் ஜொஹான்சன் 1973இல், இருட்டில் மூட்டுகளில் மட்டும் சின்ன விளக்குப் புள்ளிகள் வைத்து ஒருவரை நடக்கவிட்டுப் படம் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். அசைந்த உடனே ‘ஆள் நடக்கிறார்’ என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், நின்றால் வெறும் புள்ளிக்கூட்டம். அதனால் ஒளியைத் திருப்பும் பட்டையை நெஞ்சில் மட்டும் ஒட்டினால் போதாது. அது மைல்கல்லாகவோ கம்பமாகவோ தெரியலாம். இரண்டு கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று ஒட்டுங்கள். டிரைவர் வெகு தூரத்திலேயே மனிதர் என்று கண்டுகொள்வார்.

இப்போது மாமா. கண் டாக்டர் சோதித்தது கண்ணையும் எழுத்தின் அளவையும். அவருக்குக் கெட்டிருப்பது ‘இது என்ன’ என்று பார்க்கும் கீழ்ப்பாதையாக இருக்கலாம். ஓரங்கள் தெரிகின்றன, நிறம் தெரிகிறது, சேர்ந்து சாவியாவதில்லை. தொடுகை வேறு வழியாகப் போவதால் அங்கே சிக்கல் இல்லை. பார்வையின் இரண்டு பாதையும் தனித்தனி என்பதற்கு மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் ஆராய்ந்த டி.எஃப். என்ற பெண்ணைச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைடு தாக்கியதில் அவரால் ஒரு துவாரம் நெட்டையா படுக்கையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தபாலைப் போடச் சொன்னால் கை சரியான கோணத்தில் திரும்பிப் போட்டுவிடும்.

ஆனால் பெயர் மட்டும் வராத கோளாறும் உண்டு, அது பேச்சு சம்பந்தப்பட்டது. வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். சாவி, சீப்பு, ஸ்பூன், பேனா என்று பழகிய ஐந்தாறு பொருளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் வையுங்கள். சாவிக்கொத்து கலகலத்தால் காது சொல்லிக்கொடுத்துவிடும். பெயர் வரவில்லை என்றால் எப்படிப் பயன்படுத்துவது என்று கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். பூட்டைத் திறப்பது போலச் செய்கிறார் என்றால் பொருள் தெரிந்திருக்கிறது, பெயர்தான் தடுக்கிறது. செய்யவும் தெரியாமல், தொட்டதும் பெயரும் உபயோகமும் வந்தால், பார்த்து அறிவதில்தான் கோளாறு. பிறகு அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரைய முடிந்தும் தான் வரைந்தது என்னவென்று தெரியாதவர்கள் உண்டு. வரையவே முடியாதவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு கட்டத்தில் நேரும் பழுது என்று ஹைன்ரிஷ் லிசாவர் 1890இலேயே பிரித்தார். இந்த மூன்று விடைகளையும் எழுதிக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள், ‘கண் தெரியவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தட்டில் ஒரு பக்கச் சோறு மட்டும் மிஞ்சுகிறதா, ஒரே பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அது பார்வைப் புலத்தில் பாதி போனதாகவோ, ஒரு பக்கத்தை மனம் கவனிக்காமல் விடுவதாகவோ இருக்கலாம், வைத்தியம் வேறு.

வீட்டில் செய்ய வேண்டியது: மேஜையில் நாலைந்து பொருளைக் குவிக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அவருக்கு எல்லாம் ஒரே கலவை. வெற்று நிற விரிப்பின் மேல் இடைவெளி விட்டு, தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். கொடுக்கும்போது லேசாக ஆட்டிக் காட்டுங்கள், அசைவு பலருக்கும் உதவும். மாத்திரை டப்பாவுக்கு ரப்பர் பேண்ட், ஷாம்பு பாட்டிலுக்கு ஒட்டுத்தாள் என்று தடவினால் தெரியும் அடையாளம் போடுங்கள். பினாயிலும் ஆசிடும் அவர் கைக்கு எட்டக் கூடாது. ஆட்களைக் குரலால் அறிவார், அதனால் அறைக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு நுழையுங்கள். ஸ்கூட்டர் சாவியை டாக்டர் சரி என்று சொல்லும்வரை கொடுக்க வேண்டாம், அவர் தனக்கு எல்லாம் தெரிகிறது என்றுதான் சொல்வார். இதே கோளாறு யாருக்காவது திடீரென்று வந்தால், நாளை பார்ப்போம் என்று வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, கோளாறு தொடங்கிய நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.